எந்தப் பக்கம்?

இந்த வாரம் ஒரு காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வலது முழங்காலில் பெரிய பிளாஸ்டர். நடந்தால் நோகிறது, மடித்தால் இன்னும் நோகிறது. ஆனால் யாராவது வந்து "என்ன நடந்தது?" என்று கேட்டால் சந்தோசம் தாங்கவில்லை. ஒருமுறை கேட்டவருக்கு இரண்டு முறை சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் விளையாட்டுக் கழக மைதானத்தில், அவ்வளவு சனத்துக்கும் முன்னால் தடால் என்று விழுந்தேன். ஐம்பத்திநாலு வயதில். வலைப்பந்தாட்டம் விளையாடும்போது.

நாங்கள் தோற்றோம். பதினொன்றுக்கு ஒன்பது. அதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. இந்தப் பத்தி அந்தத் தோல்வியைப் பற்றியது அல்ல… ஒரு கேள்வியைப் பற்றியது. நான் கேட்ட கேள்வி. கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

அது பிறகு. முதலில், நான் ஏன் மைதானத்துக்குப் போனேன்?

சுகர். வேறென்ன? "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ" என்று டொக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுகம். உடுவிலில் இருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். தோட்டங்களும் வேலிகளும் ஒழுங்கைகளும்தான். அங்கே ஒரு பெண் சும்மா நடக்க முடியுமா? பயம் என்று இல்லை. நடக்கிறவளுக்கு எங்கேயோ போக வேண்டியிருக்கிறது என்றுதான் ஊர் நினைக்கும். வெளிக்கிட்ட ஆளிடம் "எங்கை போறியள்?" என்று கேட்பது எங்களுக்குச் சகுனப் பிழை. அதனால் "தூரவோ?" என்பார்கள்.

முதல் நாள் நான் சந்தியைத் தாண்டவில்லை. ஓட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"அக்கா, தூரவோ? ஏறுங்கோ, நானும் ரவுணுக்குத்தான்."

"இல்லைத் தம்பி, நான் நடக்கிறன்."

"என்னக்கா இந்த வெயிலுக்கை… ஏறுங்கோ சொல்லுறன்."

இரண்டாம் நாள் ஒரு மோட்டார் சைக்கிள். மூன்றாம் நாள் என் கணவருக்கு ஃபோன் வந்தது. "அண்ணை, அக்கா தனிய நடந்து போறா. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

அதற்குப் பிறகுதான் கழக மைதானத்துக்குள் நடக்கத் தொடங்கினேன். வட்டமாகச் சுற்றி நடப்பவள் எங்கேயும் போகவில்லை என்று யாரும் பார்த்தவுடன் விளங்கிக்கொள்வார்கள் அல்லவா? (அந்த ஓட்டோத் தம்பிக்கு இன்றைக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் அவ்வளவு நல்லவராக இல்லாவிட்டால் நான் மைதானத்துப் பக்கம் போயே இருக்க மாட்டேன்.)

போய்ப் பார்த்தால் அங்கே எனக்கு முன்னாலேயே ஐந்து பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் சுகர், அல்லது பிறஷர், அல்லது இரண்டும். எல்லார் காலிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய சப்பாத்து. இப்போது எந்த ஊர் மைதானத்திலும் காலையில் இந்தக் காட்சிதான். நான் இளமையாக இருந்தபோது பெண்கள் மைதானத்துக்கு வந்தால் அது ஆட்டம் பார்க்க, அதுவும் வேலிக்கு அந்தப் புறம் நின்று.

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டம். அங்கே வேலை செய்யும் ஒரு பெண் நாங்கள் சுற்றுவதை நாலைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"உப்பிடியே எவ்வளவு நேரம் சுத்துவியள்?"

"அரை மணித்தியாலம்."

"ம்… உங்களுக்கு நடக்க நேரம் இருக்கு. எங்களுக்கு இருக்க நேரம் இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உடம்பை வளைக்காத உத்தியோகம் பார்த்தவர்களுக்குத்தானே உடற்பயிற்சி என்ற ஒன்று தேவைப்படுகிறது? இதை எழுதும்போதும் யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் அணி ஏழு பேரில் தோட்ட வேலைக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை.

அணி என்றேனா? அது ரஞ்சி ரீச்சரின் வேலை. நடக்க வந்த ஐவரில் அவரும் ஒருவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் விசில் இன்னும் கழுத்தில்தான்.

எங்கள் கழகத்தின் ஆண்டு விழா வரும்போது பெண்களுக்கும் போட்டி இருக்கும். என்ன போட்டி? சங்கீதக் கதிரை. தேங்காய் துருவுதல். வீட்டில் செய்யும் வேலையை மைதானத்தில் வந்து வேகமாகச் செய்தால் ஒரு சோப்புப் பெட்டி பரிசு. நானும் ஒருமுறை வென்றிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

இந்த வருடம் ரஞ்சி ரீச்சர் தலைவரைப் போய்ப் பார்த்தார். கழகத் தலைவர் தவராசா அண்ணை தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாதவர்.

"அண்ணை, இந்தமுறை நாங்கள் தேங்காய் துருவேல்லை."

"பின்னை?"

"நெற்போல் விளையாடப் போறம். பக்கத்து ஊர்க் கழகப் பொம்பிளையளோடை. நாப்பது வயசுக்கு மேலை."

தவராசா அண்ணை, "விழுந்து கையைக் காலை முறிக்காமல் விளையாடுவியள் எண்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை" என்றாராம். அவரிடம் என் முழங்காலின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நெற்போல் என்ற வலைப்பந்தாட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும். நாங்கள் ஆறு பேர். ஆறு பேரோடு பயிற்சி தொடங்கியது. நான் பள்ளிக்கூடக் காலத்தில் கூடைக்குள் பந்து போடுகிறவள். ஜி.எஸ். என்று, நிற்கும் இடத்தைக் காட்டும் எழுத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றவள். அந்த நினைப்பில் முதல் நாள் பத்துப் பந்து எறிந்தேன். ஒன்று கூடைக்குள் போனது. ஒன்று மைதானத்து வேலியைத் தாண்டி றோட்டுக்கே போய்விட்டது.

றோட்டுக்குப் போன பந்து அடுத்த நொடியே திரும்பி வந்தது. உருண்டு வரவில்லை. நெஞ்சு உயரத்தில், நேராக, என் இரண்டு கைக்குள்ளும் வந்து விழுந்தது.

யார் எறிந்தது என்று பார்த்தேன். உயரமான ஒரு பெண். நாற்பதை இப்போதுதான் தாண்டியிருப்பார். சைக்கிளைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு நின்றார். ரஞ்சி ரீச்சர் என் முதுகில் தட்டினார். "ஓடும். போய் உந்தப் பிள்ளையைப் பிடியும்."

பந்தோடு ஓடினேன். பெயர் வசந்தி என்றார். யாழ்ப்பாணத்தில் ஒரு பாமசியில் வேலை.

"எவ்விடம் இருக்கிறியள்?"

"பின் றோட்டிலை வாடகைக்கு இருக்கிறம் அக்கா. சொந்த ஊர் தொண்டைமானாறு."

என் வாய் அடுத்த கேள்வியைத் தானாகவே கேட்டது. "தொண்டைமானாத்திலை எந்தப் பக்கம்?"

எங்கள் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாதியைக் கேட்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் மரியாதையான வழி இது. கோயிலடியோ, கடற்கரையோ, சந்திக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ — ஒரு பதில் வந்தால் போதும். மிச்சத்தை நாங்களே நிரப்பிக்கொள்வோம். எங்கள் ஊரைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று விளையாட்டுக் கழகம் வரும். ஏன் மூன்று? பந்து ஒன்றுதான். பக்கம்தான் மூன்று.

கெட்ட மனதோடு கேட்டேனா? இல்லை. கேட்க வேண்டும் என்று நினைத்துக்கூடக் கேட்கவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. அதுதான் இன்னும் மோசம் என்று இப்போது தெரிகிறது.

வசந்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பந்தைப் பார்த்தார்.

"மறிக்கிற பக்கம் அக்கா. ஜி.டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், விளங்கவில்லைப் போல, விளையாட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டதாக நினைத்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு பெரிய மனுசியின் தோரணையில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அணிக்கு ஏழாவது ஆள் கிடைத்துவிட்டார்.

அடுத்த நாலு கிழமையும், ஏறத்தாழ ஒரு மாதம், என் வாழ்க்கையில் மறக்க முடியாதவை. காலை ஆறு மணிக்கு வசந்தி சைக்கிளில் வந்து இறங்குவார். ஏழு மணிக்கு வேலைக்கு ஓடுவார். இடையில் இருக்கும் ஒரு மணித்தியாலத்தில் அவரைத் தாண்டி ஒரு பந்து போகாது. என்னைப் பந்து போடும் இடத்தில் இருந்து ரஞ்சி ரீச்சர் எடுத்துவிட்டார். "நீர் எறிஞ்சு றோட்டிலை போற சனத்துக்குக் காயம் வரப் போகுது" என்று சொல்லி, ஜி.கே. என்ற எழுத்தைக் கொடுத்து எங்கள் கூடைக்குக் கீழே காவலுக்கு நிறுத்தினார். அதில் ஓட்டம் குறைவு. எனக்கு முன்னால் வசந்தி. எனக்குப் பின்னால் கம்பம். இரண்டுக்கும் இடையில் என்னை விழாமல் வைத்திருந்தார்கள்.

மறிப்பது எப்படி என்று எனக்கு அவர்தான் காட்டினார். வலைப்பந்தாட்டத்தில், பந்து வைத்திருப்பவரை மறிக்கிறவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். கிட்டப் போனால் விசில். "தள்ளி நிண்டு கையை மட்டும் நீட்டுங்கோ அக்கா" என்பார். மூன்றடி தள்ளி நில் என்ற சட்டம் எங்கள் ஊரில் ஒருகாலத்தில் எதற்கெல்லாம் இருந்தது என்று எனக்குத் தெரியும். பந்துக்கு மட்டும் இருந்தால் அது எவ்வளவு நல்ல சட்டம்.

அப்போதுதான் சிக்கல் வந்தது.

பக்கத்து ஊர்க் கழகம், விளையாடும் எல்லாரும் கழக உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தது. நியாயம்தான். எங்கள் கழகப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. இத்தனை வருடமும் தேங்காய் துருவியவர்கள் யாருமே உறுப்பினர் இல்லை! ஏழு பேரும் விண்ணப்பம் நிரப்பினோம். ஒரு பின்னேரம் சனசமூக நிலையத்தில் நிர்வாகக் கூட்டம். ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நாங்கள். கடைசிக் கதிரையில் வசந்தி. வேலை முடித்து நேரே வந்திருந்தார்.

முதல் ஆறு விண்ணப்பமும் ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டன. ஏழாவதை எடுத்த பொருளாளர் கீழே வைத்தார். பொருளாளர் வேறு யாரும் அல்ல, என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி. நல்ல பிள்ளை. எங்கள் வீட்டில் ஒன்று என்றால் முதலில் வந்து நிற்பவர்.

"இதை ஒருக்கா யோசிச்சுச் செய்வம்" என்றார். "வாடகைக்கு இருக்கிற ஆக்கள். நாளைக்கு எழும்பிப் போயிடுவினம்."

"எங்கடை உதைபந்தாட்டக் கோல் கீப்பர் ரெண்டு வருசமாக் கனடாவிலை" என்றார் ரஞ்சி ரீச்சர். "அவர் இன்னும் உறுப்பினர்தானே?"

மேசையில் அந்தத் தாள் கிடந்தது. அது வசந்தியின் கையெழுத்து, நல்ல வடிவான கையெழுத்து. அவர் இல்லை என்றால் அணி இல்லை. அது சின்ன விசயம். ஒரு மனுசி நாலு கிழமை எங்களோடு வியர்த்துவிட்டு, எங்கள் கண்ணுக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்து எழும்பிப் போக வேண்டி வரும். அது சின்ன விசயமா?

பொருளாளர் என் பக்கம் திரும்பினார். தணிந்த குரலில், மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணி, நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். இவை தொண்டைமானாத்திலை எந்தப் பக்கம்?"

என் குரல். அதே ராகம், அதே மரியாதை. ஒரு சொல் மாறவில்லை. எனக்கு முகம் சுட்டது. பதில் எனக்குத் தெரியும். நான் கேட்காமலே ஊர் எப்போதோ வந்து என் காதில் போட்டுவிட்டது. "அதை ஏன் கேக்கிறீர்?" என்று சண்டை பிடிக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு? அதே கேள்வியைக் கேட்ட வாய் அல்லவா இது?

நான் வசந்தியைப் பார்க்கவில்லை. பார்த்தால் வார்த்தை வராது என்று தெரியும்.

"மறிக்கிற பக்கம்" என்றேன். "ஜி.டி."

முதலில் ரஞ்சி ரீச்சர் 'களுக்' என்று சிரித்தார். அடுத்து, நான் நம்பவே இல்லை… தவராசா அண்ணை. அந்த மனுசன் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்ப நல்லது" என்றார். "எங்களுக்கு அந்தப் பக்கத்திலைதான் கனகாலமா ஆள் காணாது."

தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தபாற்கந்தோரில் முத்திரை குத்துவது போல ஒரு அழுத்தம். பொருளாளர் பேனையை வாங்கித் தானும் போட்டார்.

பிறகு போட்டி. பக்கத்து ஊர்ப் பெண்கள் எங்களைவிட நன்றாக விளையாடினார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது உயரமாக ஒரு பந்து வந்தது. வசந்தி "அக்கா, உங்கடை" என்று கத்தினார். நான் குதித்தேன். குதித்தேன் என்றுதான் நான் சொல்கிறேன். பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். பந்து விரலில் பட்டது உண்மை. அதன் பிறகு எனக்குத் தெரிந்தது புழுதிதான்.

கண்ணைத் திறந்தால், முதலில் ஓடி வந்து நிற்பவர் பொருளாளர். கையில் சோடாப் பெட்டியில் இருந்து அள்ளிய ஐஸ். அதை என்னிடம் நீட்டவில்லை, வசந்தியிடம் நீட்டினார். "தங்கச்சி, இது காணுமோ? இன்னும் கொண்டரவோ?"

"காணும் அண்ணை" என்றார் வசந்தி.

போட்டி முடிந்து, சனம் போன பிறகு, கழகக் கட்டடத்தின் படியில் இருத்தி வசந்தி என் முழங்காலைக் கழுவி மருந்து போட்டார். பாமசிக் கை அல்லவா, நோகவே இல்லை. அந்த நேரத்தில்தான் கூட்டம் நடந்த நாளில் இருந்து நெஞ்சுக்குள் கிடந்ததைச் சொன்னேன்.

"வசந்தி, நான் முதல் நாள் உம்மட்டை ஒண்டு கேட்டனான். அது உமக்கு விளங்கேல்லை எண்டுதான் நினைச்சனான்."

அவர் பிளாஸ்டரை வெட்டிக்கொண்டே சொன்னார். "விளங்கினது அக்கா."

கத்தரிக்கோலைப் படியில் வைத்தார்.

"பள்ளிக்கூடத்திலை கேட்டவை. வேலைக்குப் போன இடத்திலை கேட்டவை. வீடு வாடகைக்கு எடுக்கேக்கையும் கேட்டவை. ஒவ்வொருக்காலும் பதிலைச் சொல்லிப்போட்டு, கேட்ட ஆளின்ரை முகம் மாறுதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறது… அது எனக்கு அலுத்துப் போச்சு. அண்டைக்கு உங்கடை கையிலை பந்து இருந்தது. அதாலை பந்துக்குப் பதில் சொன்னனான்."

"என்ரை முகம் மாறினதோ?"

"இல்லை. சிரிச்சனீங்கள். இவளுக்கு விளங்கேல்லை எண்டு சிரிச்சனீங்கள்." பிளாஸ்டரை ஒட்டி, மேலே ஒரு தட்டுத் தட்டினார். "எனக்குப் பந்து விளையாட வேணும் போலை இருந்தது அக்கா. கலியாணம் கட்டினதுக்குப் பிறகு ஒரு நாளும் விளையாடேல்லை. அதாலை விட்டிட்டன்."

முழங்கால் நோகவில்லை என்றேனே. கண்ணீர் வந்தது வேறு நோவுக்கு. "மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை" என்றேன். "அண்டைக்குக் கூட்டத்திலையே மன்னிச்சிட்டன்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். என்னை அவர் அன்றைக்கே றோட்டில் வைத்து வெட்கப்படுத்தியிருக்கலாம். சைக்கிளை மிதித்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்குத் தகும். அதற்குப் பதிலாக ஒரு பதிலைத் தந்தார். நாலு கிழமைக்குப் பிறகு, நான் வாயடைத்து நின்ற இடத்தில், எனக்குச் சொல்ல இருந்தது அந்த ஒரே பதில்தான். அவர் தந்ததை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. கணக்குப் பார்த்தால் நன்றி முழுக்க என் பக்கத்தில்தான் நிற்கிறது.

நான் தோட்டத்துப் பெண்ணை மறக்கவில்லை. பின்னேரத்தில் பயிற்சி வைத்தால் அவர் வருவாரா என்று ரஞ்சி ரீச்சரிடம் கேட்டேன். "நீர் முதலிலை எழும்பி நடவும், பேந்து கேப்பம்" என்றார். கேட்கத்தான் போகிறேன்.

இனி நேற்றைய சங்கதி. எங்கள் அணியின் படத்தை யாரோ ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் மூத்த அக்கா பார்த்துவிட்டு ஃபோன் எடுத்தார். முழங்காலைக் கேட்டார், சுகரைக் கேட்டார், தோல்வியைக் கேட்டுச் சிரித்தார். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்தார்.

"உனக்குப் பக்கத்திலை நிக்கிற உந்த உயரமான பிள்ளை… ஆர் அது? எந்தப் பக்கம்?"

"என்ரை பக்கம், அக்கா" என்றேன்.